பட்டறை பதில்கள்: பானட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய 1984 மாடல் பிரீமியர் பத்மினி வீட்டு ஷெட்டில் பல வருடமாக நிற்கிறது. கதவின் அடி, பின்சக்கர வளைவு, டிக்கித் தரை எல்லாம் துரு. காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவைச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் துப்பாக்கி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் 2 எச்.பி. கம்ப்ரசரும், கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணலும் இருக்கின்றன. மணலைச் சலித்து நானே முழு பாடியையும் அடித்துவிடலாமா?
— வாசகர், பெசன்ட் நகர், சென்னை

பதில்: அந்த மணலைப் பூச்சு வேலைக்கே கொடுத்துவிடுங்கள் தம்பி. ஆற்று மணலில் பெரும்பங்கு சிலிக்கா. தகரத்தில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துவிடும். அதனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த வழியில்லை. பிரிட்டனில் வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணலடிப்பதை 1950 வாக்கிலேயே தடுத்துவிட்டார்கள். மூடிய ஷெட்டில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை. போதாததற்கு, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம்.

அடுத்தது கம்ப்ரசர். துப்பாக்கி முனையில் 3 மி.மீ. துளையுள்ள நாசிலில், 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்து அடிக்க நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி காற்று வேண்டும். உங்கள் 2 எச்.பி. அதில் பாதி தந்தாலே அதிகம். கொஞ்ச நேரம் அடிப்பீர்கள், டேங்க் காலியாகும், அது நிரம்பும்வரை காத்திருப்பீர்கள். இடைவிடாமல் ஓடினால் கம்ப்ரசர் சூடாகும், குழாயில் தண்ணீர் வரும், தூள் நனைந்து நாசிலை அடைக்கும். பெசன்ட் நகர் கடல் காற்றின் ஈரத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

இதையெல்லாம் சமாளித்தாலும் பானட், டாப், கதவுத் தோல் (கதவின் வெளித்தகடு) ஆகிய மூன்றிலும் அடிக்கக் கூடாது. 'சூட்டில் கோணிக்கொள்ளும்' என்று பட்டறையில் சொல்வார்கள். சூடு கொஞ்சம்தான், அடிதான் காரணம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகரத்தின் ஒரு முகத்தில் மட்டும் கோடிக்கணக்கான சின்னச் சுத்தியல்கள் விழுவது போல. அடி வாங்கிய முகம் விரியும், பின் முகம் விரியாது, நடுவில் உப்பிக்கொள்ளும். பிறகு அதைத் தட்டி நிமிர்த்த நல்ல டிங்கராலும் லேசில் முடியாது, கடைசியில் கனமாகப் பட்டி போட்டுத்தான் மறைப்பார். இந்த மூன்றுக்கும் பெயிண்ட் ரிமூவரும் கம்பி பிரஷும் போதும். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போடுங்கள்.

வீட்டில் எதை அடிக்கலாம்? கழற்றி எடுக்கிற கீல், பிராக்கெட், பெடல் போன்றவற்றை, கை நுழைத்து அடிக்கும் மூடிய பெட்டிக்குள் அடிக்கலாம். அதற்கும் தூசி உறிஞ்சும் இணைப்பு வேண்டும். சக்கர வளைவு, டிக்கித் தரை, அடிப்பாகத்தை காற்று வரும் ஹெல்மெட் போட்டு வேலை செய்கிற பட்டறைக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் கண்ணாடி, இன்ஜின், ஒயரிங்கை இறக்கிவிடுங்கள். கண்ணாடியில் பட்டால் பால் நிறமாகிவிடும். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் உள்ளறைத் துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பெயிண்ட் அடிக்கிற அன்றைக்குத்தான் உள்ளே பதுங்கிய மணல் வெளியே வரும். பானட்டிலும் டாப்பிலும் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டு அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துபோவார்கள்.

வண்டி திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். தகரம் ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். குழிக்குள் கறுப்புப் புள்ளி தெரிந்தால் துரு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி புதுத் தகரம் வெல்டு செய்யுங்கள். ஓட்டையைப் பட்டியால் மூடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிங்குக்கு கார்னெட் என்ற சிவப்புத் தாது மணல் நல்லது என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் சிவப்பாகக் கிடக்கிறதே, ஒரு மூட்டை அள்ளினால் என்ன?
— வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உங்கள் கரையில் தாது மணல் எடுக்க 2013-இல் அரசு தடை போட்டது நினைவில்லையா? அதை விடுங்கள், பட்டறைக் கணக்கிலும் அது வேலைக்கு ஆகாது. அதில் இல்மனைட் என்ற வேறொரு தாதுவும் சிலிக்காவும் கலந்திருக்கும், கூடவே உப்பு. உப்போடு அடித்தால் அது தகரத்தின் குழிகளில் இறங்கி, பெயிண்டுக்கு அடியில் துருவை மறுபடி முளைக்க வைக்கும். கழுவிப் பிரித்து 80 மெஷ் (சல்லடை அளவு) என்று போட்டு விற்கிற மூட்டையை வாங்குங்கள். தகரத்துக்கு 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடித்து முடித்த பாடியை ஒரு வாரம் கழித்துப் பெயிண்டருக்குக் கொடுக்கலாமா? அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒரு வாரமா! மழைக்காலத்தில் காலையில் அடித்தால் மாலைக்குள் பழுப்பேறிவிடும். வெறுங்கையால் தொட்டால் விரல் ரேகையே துருவாகப் பதியும். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். காற்றால் ஊதி, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடை வீட்டு கேட்டுக்கு அடித்துக்கொள்ளுங்கள், அது ஈரத்தை உள்ளே விடும். பெயிண்டருக்கு நாள் இல்லையென்றால் பிளாஸ்டிங் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.