புது வீட்டுக்கு வந்த முதல் வரிப் பில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கடந்த ஐப்பசியில், கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் அஜக்ஸில் புதிதாகக் கட்டிய டவுன்ஹவுஸ் ஒன்றில் குடிபுகுந்திருக்கிறீர்கள். விலை 9 இலட்சம் டொலர். இப்போது வந்த முதல் வீட்டு வரிப் பில்லில் மதிப்பு 1 இலட்சத்து 40 ஆயிரம் என்று போட்டு, அரை வருடத்துக்கு 910 டொலர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த தெருவில் பழைய வீட்டில் இருக்கும் உங்கள் நண்பர் வருடத்துக்கு 6,000க்கு மேல் கட்டுகிறாராம். "எங்கேயோ பிழை நடந்திருக்கிறதா? திருத்தும்போது 9 இலட்சத்துக்கும் சேர்த்து வரி போட்டுவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள்.

பிழை எதுவும் இல்லை. உங்கள் கையில் இருப்பது காணிக்கு மட்டும் வந்த பில். வீட்டுக்கான பில் இன்னும் வரவில்லை, ஆனால் வரும். வரும்போது நீங்கள் குடிபுகுந்த நாள் வரைக்கும் பின்னால் போய்க் கணக்குப் பார்த்துக்கொண்டு வரும். அதற்கான காசை இந்த மாதத்திலிருந்தே ஒதுக்கத் தொடங்குங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டை மதிப்பிடுவது ஓர் இடம், வரியை அறவிடுவது இன்னோர் இடம். மதிப்பிடுவது எம்பாக் என்று எல்லோரும் சொல்லும் மாகாண மதிப்பீட்டு நிறுவனம். அவர்கள் தரும் மதிப்பை வைத்து நகரசபை பில் அனுப்புகிறது. புதுக் குடியிருப்பில் வீடு எழும்பும் காலத்தில் மதிப்பீட்டுப் பட்டியலில் காணி மட்டும்தான் இருக்கும். நீங்கள் குடிபுகுந்த பிறகு எம்பாக் வீட்டை அளந்து பட்டியலில் சேர்க்கும். அது சில மாதங்களிலும் நடக்கலாம், ஒன்றரை இரண்டு வருடமும் எடுக்கலாம். எவ்வளவு பிந்தினாலும், நடப்பு வருடத்தோடு அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் வரைக்கும் பின்னோக்கிப் போட்டு அறவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விடுபட்ட மதிப்பீடு என்று அதற்குப் பெயர்.

எங்களுக்கும் இப்படித்தான் வந்தது. முதல் புது வீடு வாங்கி இரண்டாவது வருடம். மனைவி வேலையால் வந்து தபால் பெட்டியைத் திறந்து எடுத்துவந்தா. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பிரித்தா. வழக்கமாக ஒரே நிரையில் இருக்கும் தொகை அன்று மூன்று நிரையாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு நிரைக்கும் முன்னால் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று இருந்தது. முதல் நிரையின் திகதி நாங்கள் பால் காய்ச்சிய கிழமை. அடியில் 7,000க்கு மேல் ஒரு தொகை, இரண்டு தவணையில் கட்டச் சொல்லி. அந்த நேரம் ஊரில் தங்கச்சியின் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தோம். வங்கியில் கடன் எடுத்துத்தான் கட்டினோம். வீடு விற்ற முகவரும் சரி, கட்டிய நிறுவனத்தின் ஆட்களும் சரி, இப்படி ஒன்று வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வார்த்தையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

எவ்வளவு ஒதுக்குவது? கணக்குப் பார்ப்போம். 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு அரை வருடத்தில் 910 என்றால் வருடத்துக்கு 1,820. அதாவது ஏறக்குறைய 1.3 சதவீதம். வீடு சேர்ந்த பிறகு மொத்த மதிப்பு 5 இலட்சம் என்று வந்தால் வருட வரி 6,500. வித்தியாசம் 4,680. மாதத்துக்கு 390 டொலர். 5 இலட்சம் என்பது நான் கணக்குக்காக எடுத்த எண். உங்கள் மாதிரி வீடு அதே சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் கட்டப்பட்டிருந்தால், அவர்களிடம் கேட்டு அந்த மதிப்பைப் போட்டுப் பாருங்கள். குடிபுகுந்த மாதத்திலிருந்து கணக்குப் பார்த்து, தவறிய மாதங்களுக்கும் சேர்த்து வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். செலவுக் கணக்கிலேயே விட்டால் அது நிற்காது.

இனி 9 இலட்சம் பற்றிய பயம். நீங்கள் கொடுத்த விலைக்கு வரி இல்லை. ஒன்ராறியோ முழுவதும் வீடுகளுக்கு இன்னும் 2016 ஜனவரி 1ஆம் திகதிப் பெறுமதியில்தான் வரி போடுகிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருக்கா மறுமதிப்பீடு நடக்கும் முறை இருந்தது. 2020இல் வரவேண்டியதைப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒத்திவைத்தார்கள், அது அப்படியே நிற்கிறது. உங்கள் வீடு 2016இல் இருக்கவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அது இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். பக்கத்து வீட்டோடு நியாயமாக ஒப்பிட அதுதான் வழி. ஆகவே 9 இலட்சத்தைவிட நன்றாகக் குறைந்த எண்தான் வரும்.

ஊரில், இலங்கையில், சோலைவரி கட்டிப் பழகிய ஆட்கள் இந்த இடத்தில்தான் குழம்புவது. அங்கே வீட்டின் வருடாந்த வாடகைப் பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். இங்கே விற்பனைப் பெறுமதி. இன்னொன்றும் உண்டு. இங்கே முதலில் சபை வரவுசெலவைப் போடும். இந்த வருடம் வரியால் இவ்வளவு தேவை என்று தீர்மானிக்கும். பிறகு அதை எல்லா வீடுகளின் மதிப்புக்கும் பங்கிட்டு விகிதத்தை எடுக்கும். நாளைக்கு மறுமதிப்பீடு வந்து நகரம் முழுவதும் வீட்டு மதிப்பு இரண்டு மடங்கானால் விகிதம் பாதியாகும், உங்கள் வரி அப்படியே இருக்கும். உங்கள் வீட்டு மதிப்பு மற்றவர்களுடையதைவிட வேகமாக ஏறினால்தான் உங்கள் பங்கு கூடும். வருடாவருடம் பில் ஏறுவதற்குக் காரணம் சபையின் செலவு. ரொறன்ரோவில் 2024இல் ஒரேயடியாக 9.5 சதவீதம் ஏற்றினார்கள். அந்த வருடம் மறுமதிப்பீடு எதுவும் நடக்கவில்லை.

பில்லை மேசையில் விரித்து வைத்து ஒருக்கா வடிவாகப் பாருங்கள். அஜக்ஸ் பில்லில் மூன்று பங்கு இருக்கும். நகரம், டர்ஹம் பிராந்தியம், கல்வி. தீயணைப்பும் நூலகமும் நகரத்தின் பொறுப்பு. பொலிசு பிராந்தியத்தின் பொறுப்பு. கல்விப் பங்கை மாகாணம் நிர்ணயிக்கிறது. வீடுகளுக்கு 2020இலிருந்து 0.153 சதவீதம். 5 இலட்சம் மதிப்புக்கு 765 டொலர். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையென்றாலும் அது உண்டு. கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் அந்தப் பங்கைக் கத்தோலிக்கப் பள்ளிச் சபைக்கு மாற்றி எழுதிக் கொடுக்கலாம், தொகை மாறாது.

வீட்டைச் சேர்த்த மதிப்பீட்டு அறிவித்தல் எம்பாக்கிலிருந்து வரும். நகரசபைப் பில் அதற்குப் பின்னால்தான் வரும். அறிவித்தல் வந்த அன்றைக்கே பாருங்கள். சதுர அடி சரியா, குளியலறை எத்தனை என்று போட்டிருக்கிறார்கள், முடிக்காத பேஸ்மென்டை முடித்ததாகப் போட்டிருக்கிறார்களா, குடிபுகுந்த திகதி சரியா. எம்பாக்கின் இணையதளத்தில் அறிவித்தலில் உள்ள எண்ணைப் போட்டு உள்ளே போனால், உங்களைப் போன்ற வீடுகளின் மதிப்பையும் காசில்லாமல் பார்க்கலாம். பிழை இருந்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை. இப்படிச் சேர்க்கப்படும் மதிப்பீட்டுக்கு அறிவித்தல் திகதியிலிருந்து 120 நாள் அவகாசம். வீட்டுக்காரர்கள் முதலில் இந்த மறுபரிசீலனையைக் கேட்க வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால்தான் மதிப்பீட்டு மீளாய்வுச் சபைக்குப் போகலாம். "பாதி குறைத்துத் தருகிறோம், வந்ததில் பங்கு தாருங்கள்" என்று கதவைத் தட்டுகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரண வீட்டுக்கு நீங்களே பின்னேரம் ஒன்றில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. விண்ணப்பம் போட்டுவிட்டு வரியைக் கட்டாமல் இருக்கவும் கூடாது. கட்டிக்கொண்டே போங்கள், குறைந்தால் திருப்பித் தருவார்கள்.

மோட்கேஜ் கடனோடு சேர்த்து வங்கி வரியையும் எடுக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், இப்போது அவர்கள் எடுப்பது காணி வரியின் அளவுக்குத்தான் இருக்கும். வீட்டைச் சேர்த்து வரும் மேலதிகப் பில்லைப் பெரும்பாலும் வங்கிக்கு அனுப்பாமல் வீட்டுக்காரருக்கே நேராக அனுப்புவார்கள். "வங்கி பார்த்துக்கொள்ளும்" என்று இழுப்பறையில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்துத் தண்டப்பணத்தோடு எடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். கடிதம் வந்தவுடன் வங்கிக்கு அழைத்து, நீங்கள் கட்டுகிறீர்களா நான் கட்டவா என்று கேட்டு, யாரோடு கதைத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

தண்டப்பணம் மாதத்துக்கு 1.25 சதவீதம். வருடத்துக்கு 15. பில் கைக்கு வரவில்லை என்ற காரணத்தை ஏற்கமாட்டார்கள். புதுத் தெருக்களில் தபால் தவறுவது சாதாரணம், ஆகையால் உங்கள் பெயரும் விலாசமும் நகரசபையில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். ஊரில் ஜனவரிக்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. இங்கே அப்படி இல்லை, முந்திக் கட்டி ஒரு சதமும் மிச்சம் பிடிக்க முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் முறைக்குப் பதிந்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஆனால் மேலதிகப் பில் பெரும்பாலும் அதற்குள் அடங்காது.

அம்மா உங்களோடு இருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். முதியோருக்கு மாகாணம் தரும் 500 டொலர் வரையான வீட்டு வரி உதவி, வீட்டுக்காரராக வரி கட்டுகிறவர்களுக்கு. வீட்டு உறுதியில் அம்மாவின் பெயர் இல்லையென்றால் கிடைக்காது. வருமானம் குறைவாக இருக்கும் வருடங்களில், வருமான வரி போடும்போது கட்டிய வீட்டு வரியையும் கணக்காளரிடம் கொடுங்கள். குறைந்த வருமானக்காரருக்கு மாகாணம் தரும் ட்ரிலியம் கொடுப்பனவில் அது சேரலாம். பின்னொரு நாள் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டால், வீட்டு வரியில் அந்தப் பங்கை வாடகை வருமானத்துக்கு எதிராகக் கழிக்கலாம். பேஸ்மென்டை முடிக்க நகரத்தில் அனுமதி எடுத்தால் அந்தத் தகவல் எம்பாக்குக்கும் போகும், மதிப்பு கொஞ்சம் ஏறும். அதற்குப் பயந்து அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் காப்புறுதி கைவிடக்கூடும். உள்ளே படுப்பது உங்கள் குடும்பம் அல்லது இன்னொருவரின் குடும்பம்.

கடைசியாக ஒன்று. வீட்டுத் திறப்பு வாங்கிய அன்று சட்டத்தரணி தந்த கணக்குத் தாளைத் தேடி எடுங்கள். அதில் வீட்டு வரி என்று ஒரு பதிவு இருக்கும். கட்டிய நிறுவனம் முன்கூட்டியே கட்டிவிட்டதாகச் சொல்லி உங்களிடம் ஏதும் அறவிட்டிருந்தால், அது காணிக்கு மட்டுமா, வீட்டையும் சேர்த்த உத்தேசத் தொகையா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். உத்தேசத் தொகை என்றால், உண்மையான பில் வந்த பிறகு மீளக் கணக்குப் பார்க்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.