எஃப்பார் படிவம் பற்றி அரசாங்கம் கருத்துக் கேட்டால் பதில் எழுத வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஊரில் அப்பாவோடு சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கும், என் பெயரில் சில எஃப்டிகளும் இருக்கின்றன. வருடாவருடம் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை) தாக்கல் செய்து விடுகிறேன். போன வாரம் நண்பர் ஒருவர் ஃபெடரல் ரிஜிஸ்டரில் வந்த ஓர் அறிவிப்பை அனுப்பி, "எஃப்பாரில் ஏதோ மாற்றப் போகிறார்கள், 60 நாளுக்குள் பதில் போட வேண்டுமாம்" என்றார். படித்துப் பார்த்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இது புதுச் சட்டமா? பதில் போடாவிட்டால் அபராதம் வருமா? போட்டால் என் பெயர் ஏதாவது பட்டியலில் ஏறிவிடுமா? இதையெல்லாம் அங்கே யாராவது படிக்கிறார்களா?

பதில்: முதலில் ஒன்று. அது உங்கள் பெயருக்கு வந்த நோட்டீஸ் இல்லை. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) உங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பொதுவாக உங்கள் முகவரிக்குத் தபால் வரும். ஃபெடரல் ரிஜிஸ்டர் என்பது வேலைநாள்தோறும் வரும் அரசிதழ், அதில் வருவது ஊருக்கே பொதுவான அறிவிப்பு. நீங்கள் பதில் எழுதாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. அபராதம் கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சரி, பின்னே எதற்காகக் கேட்கிறார்கள்? அமெரிக்காவில் 'பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் ஆக்ட்' என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது 1980-ல் வந்தது, 1995-ல் திருத்தி எழுதினார்கள். மத்திய அரசின் எந்தத் துறையாக இருந்தாலும் 10 பேருக்கோ அதற்கு மேலோ ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்வதற்கு முன்னால் ஓஎம்பி என்கிற மேலாண்மை, பட்ஜெட் அலுவலகத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டுக்குத்தான். அது தீர்வதற்குள் மறுபடி கேட்டு வாங்க வேண்டும், அப்படிக் கேட்கும் முன் மக்களிடம் ஒரு தடவை 60 நாள் அவகாசம் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும், பிறகு கோப்பை ஓஎம்பிக்கு அனுப்பும்போது இன்னொரு தடவை 30 நாள். ஆகவே ஒரே படிவம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படித் திரும்பத் திரும்ப வந்து நிற்பது வழக்கமான சங்கதி. உங்கள் வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் மேல்பக்கம் 'ஓஎம்பி எண் 1545-0074' என்று பொடி எழுத்தில் இருக்குமே, அது இந்த அனுமதியின் எண்தான். 1545 என்று தொடங்கினால் ஐஆர்எஸ், 1506 என்றால் ஃபின்சென், அதாவது கருவூலத் துறையில் நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் பிரிவு. எஃப்பாரை நாம் எல்லோரும் ஐஆர்எஸ் கணக்கில் சேர்த்துப் பேசினாலும் அது ஃபின்சென்னின் படிவம் 114, அதன் எண் 1506-0009. கண்காணிப்பு, அபராதம் எல்லாம் ஐஆர்எஸ் கையில் என்பது வேறு.

இந்த அறிவிப்பு கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 'டைப் ஆஃப் ரிவ்யூ' என்று ஒரு வரி இருக்கும், அங்கே நேராகப் போங்கள். 'ரினியூவல் விதவுட் சேஞ்ச்' என்றோ 'எக்ஸ்டென்ஷன்' என்றோ இருந்தால் பழைய படிவத்தையே தொடர அனுமதி கேட்கிறார்கள், அவ்வளவுதான். 'ரிவிஷன்' என்று இருந்தால் மட்டும் என்ன மாறுகிறது என்று தொடர்ந்து படியுங்கள். உண்மையிலேயே விதியை மாற்றப் போகிறார்கள் என்றால் அது அரசிதழில் 'ப்ரபோஸ்டு ரூல்ஸ்' என்ற பகுதியில் வரும், இந்த மாதிரிப் படிவ அறிவிப்புகள் 'நோட்டீசஸ்' பகுதியில் வரும். உங்கள் நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அபராதம் பற்றிக் கேட்டீர்கள். கருத்து எழுதாததற்கு இல்லை, எஃப்பார் தாக்கல் செய்யாததற்கு உண்டு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்தில் என்றைக்காவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தாக்கல் செய்தே ஆக வேண்டும், எச்1பியில் இருந்தாலும் வரிக் கணக்கில் நீங்கள் ரெசிடென்ட் என்றால் இது பொருந்தும். "ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியா அபராதம் போட்டுத் தாளிச்சுடுவான்" என்று பயமுறுத்துபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு அப்படிப் போட முடியாது, ஓர் ஆண்டு அறிக்கைக்கு ஓர் அபராதம்தான் என்று 2023 பிப்ரவரியில் பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனிதருக்கு 272 கணக்கு எண்ணிக்கையை வைத்து 27 லட்சம் டாலருக்கு மேல் தீட்டியிருந்தார்கள், கடைசியில் 5 அறிக்கைக்கு 50,000 டாலர் என்று வந்து நின்றது. தெரிந்தே மறைத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: ஓஎம்பி எண் சரியாக இல்லாத படிவத்தை நிரப்பாவிட்டால் தண்டிக்க முடியாது என்று அந்த பேப்பர்வொர்க் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதைப் பிடித்துக்கொண்டு, "அப்போ வரியே கட்ட வேண்டாம்" என்று வீடியோ போடுகிறவர்கள். வரி கணக்குத் தாக்கல் செய்யும் கடமை படிவத்திலிருந்து வரவில்லை, நாடாளுமன்றம் போட்ட சட்டத்திலிருந்து வருகிறது என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, எழுத வேண்டுமா என்ற கேள்விக்கு. என்னைக் கேட்டால் எழுதுங்கள் என்பேன், ஆனால் எதை எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் கேட்பது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே நான்கு விஷயம். இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா, பயன்படுகிறதா. நிரப்ப இவ்வளவு நேரம் ஆகும் என்று நாங்கள் போட்டிருக்கும் கணக்குச் சரியா. கேள்விகளை இன்னும் தெளிவாகக் கேட்க வழி உண்டா. கணினி வழியாகவோ வேறு விதமாகவோ சுமையைக் குறைக்க முடியுமா. இதில் "வரி அதிகம்", "எங்களைத் திருடன் மாதிரி நடத்துகிறீர்கள்" என்பதற்கெல்லாம் இடமே இல்லை, அவை நியாயமாகவே இருந்தாலும் படிக்கிறவர் அதை எந்தக் கட்டத்துக்குள்ளும் போட முடியாது. இரண்டாவது கேள்விதான் உங்களுக்கான வாசல். அறிவிப்பில் 'ஒருவருக்கு ஆகும் நேரம்' என்று ஓர் எண் இருக்கும். 1040-க்கும் அப்படி உண்டு, 2023 வரி ஆண்டுக்கான வழிகாட்டியில் சராசரி 13 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அந்த எண் மதிப்பீடுதான், உங்களைப் போல ஊரில் எஃப்டி வைத்திருப்பவரின் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்து பார்த்துப் போட்டது இல்லை.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்பாரில் ஒவ்வொரு கணக்குக்கும் வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், அந்த ஆண்டில் அது தொட்ட உச்ச மதிப்பு எல்லாம் வேண்டும். நம் வங்கிகளில் எஃப்டி ஒவ்வொன்றுக்கும் தனித் தனி எண் இருக்கும், முதிர்ந்து புதுப்பிக்கும்போது பல இடங்களில் எண்ணும் மாறிவிடும், அப்படி மாறினால் ஒரே பணம் ஒரே வருடத்தில் இரண்டு கணக்காகத் தெரியும். அப்பாவோடு இருக்கும் கணக்கில் அவர் போட்டு எடுத்த பணத்துக்கும் சேர்த்து உச்ச இருப்பை நீங்கள் தேட வேண்டும், உங்கள் பங்கை மட்டும் காட்ட முடியாது. பாஸ்புக் அவரிடம் இருக்கும், அவர் அதன் போட்டோவைக் கோணலாக எடுத்து அனுப்புவார். எல்லாம் சேர்ந்த பிறகு டிசம்பர் 31-க்கான கருவூலத் துறையின் மாற்று விகிதத்தில் ரூபாயை டாலராக்க வேண்டும். படிவத்தில் தட்டச்சு செய்கிற நேரம் இதில் சிறு பங்குதான். ஆனால் விவரம் தேடித் திரட்டும் நேரமும் சட்டப்படி சுமைக் கணக்கில் சேரும், இதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் கருத்து இப்படி இருக்கலாம் (ஆங்கிலத்தில் எழுதுங்கள், எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும், நான் போட்டிருப்பது மாதிரிக்கு): "நான் தனிநபராகத் தாக்கல் செய்கிறேன். 9 கணக்குகள், அதில் 6 நிரந்தர வைப்பு, எல்லாம் ஒரே வங்கி. படிவத்தில் பதிய 50 நிமிடம் ஆனது. உச்ச மதிப்பைக் கண்டுபிடிக்கக் கணக்கு விவரங்களை வரவழைத்துப் பார்க்க 4 மணி நேரம் ஆனது. உங்கள் மதிப்பீட்டில் இந்த இரண்டாவது வேலை போதுமான அளவு இடம்பெறவில்லை. ஒரே வங்கியில் உள்ள வைப்புகளை ஒரே பதிவாகக் காட்ட அனுமதித்தால் ஏறத்தாழ பாதி நேரம் மிச்சமாகும்." முடிந்தது. அரைப் பக்கம்கூட வராது. பத்துப் பக்கக் குமுறலை விட இதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இதில் இருக்கும் எண்ணை மறுக்க வேண்டுமென்றால் அவர்களும் ஓர் எண்ணைக் காட்ட வேண்டியிருக்கும்.

10,000 டாலர் வரம்பு பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது, அதை உயர்த்தச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஒரு வரியில். அந்த வரம்பு விதியில் இருப்பது, படிவப் புதுப்பிப்பில் மாறாது. இன்னொரு வேடிக்கையான விதியும் உண்டு: 25 அல்லது அதற்கு மேல் கணக்கு வைத்திருப்பவர் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும், விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது கொடுக்கலாம். 24 வைத்திருப்பவர் 24-ஐயும் வரி வரியாக எழுத வேண்டும். இதைச் சுட்டிக்காட்டினால் வாதம் நன்றாக இருக்கும், உடனடிப் பலனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் பெயர் பட்டியலில் ஏறுமா என்ற பயத்துக்கு வருகிறேன். அனுப்புகிற கருத்து பொது ஆவணமாகிவிடும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அதனால் சோஷியல் செக்யூரிட்டி எண், கணக்கு எண், வங்கிக் கிளை, வீட்டு முகவரி எதையும் எழுதாதீர்கள். அதைவிட முக்கியம், "முதல் இரண்டு வருடம் எனக்கு எஃப்பார் என்றால் என்னவென்றே தெரியாது, தாக்கல் செய்யவில்லை" என்று அங்கே போய் உருகி எழுதிவிடாதீர்கள். அப்படி ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது தனிக் கதை, முதலில் ஒரு சிபிஏவையோ (உரிமம் பெற்ற கணக்காளர்) வரி வழக்கறிஞரையோ பாருங்கள். கருத்துச் சொல்ல குடியுரிமை தேவையில்லை, விசாவும் தடையில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் பெயரில்லாமலும் அனுப்பலாம்.

யார் படிக்கிறார்கள்? முதல் சுற்றில் அந்தத் துறையில் படிவத்தைக் கவனிக்கிறவர்கள். 60 நாள் முடிந்ததும் அவர்கள் ஓஎம்பிக்கு 'சப்போர்ட்டிங் ஸ்டேட்மென்ட்' என்ற விளக்கக் கோப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதில் 8-வது இனத்தில், வந்த கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்லி அவற்றுக்கு என்ன செய்தோம் என்று எழுதியாக வேண்டும், 12-வது இனத்தில் நேரக் கணக்கு இருக்கும். ரெக்இன்ஃபோ டாட் கவ் தளத்தில் ஓஎம்பி எண்ணைப் போட்டுத் தேடினால் யாரும் திறந்து பார்க்கலாம். பல படிவங்களின் 8-வது இனத்தில் 'கருத்து எதுவும் வரவில்லை' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். கூட்டமில்லாத இடம் என்பதால் ஒருவர் ஒழுங்காக எழுதினாலே கண்ணில் படும். எழுதியதெல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நேரக் கணக்கைக் கூட்டிப் போடுவது, வழிகாட்டியில் குழப்பமான வாக்கியத்தைத் திருத்துவது, இந்த அளவுக்கு நடக்க வாய்ப்பு இருக்கிறது.

அனுப்பும் வழி அறிவிப்பிலேயே இருக்கும். மின்னஞ்சல் என்றால் தலைப்பு வரியில் ஓஎம்பி எண்ணைக் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் படிவத்தைப் பற்றி என்று தெரியாமல் ஓரத்தில் கிடக்கும். 'டேட்ஸ்' என்ற இடத்தில் கடைசி நாளைத் தேதியாகவே கொடுத்திருப்பார்கள், விரல்விட்டு எண்ண வேண்டாம். அதைத் தவறவிட்டால் 30 நாள் சுற்றுக்குக் காத்திருங்கள், அது ரெக்இன்ஃபோ தளத்தின் வழியாக நேரே ஓஎம்பிக்குப் போகும், நான் சொன்ன 8-வது இனத்தைப் படித்துவிட்டு எழுதலாம் என்பதால் அந்தச் சுற்றில் ஒரு வசதியும் உண்டு. மற்றபடி இந்த வருட எஃப்பார் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏப்ரல் 15 கெடு, தவறினால் கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு, அப்பாவிடம் அந்த பாஸ்புக் போட்டோவை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.