மவுஸ் கைக்கு வராத பயிற்சியும் மாலை நேரப் பாட்டும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரி சென்று, ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன், வயது 46. புதிய பில்லிங் மென்பொருளுக்கான பயிற்சி நடக்கிறது. ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதால் மவுஸ் என் கைக்கு வருவதேயில்லை. சந்தேகம் கேட்டால், “நேற்றே சொன்னேனே” என்கிறார் பயிற்சியாளர். மாலையில் எரிச்சலோடு பேருந்தில் ஏறி, இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய பாடல்களில் மூழ்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதால் மாமியார் வருந்துகிறார். நான் செய்வது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பாட்டுக் கேட்பதில் தவறே இல்லை. நாள் முழுவதும் மூன்றாவது ஆளாக ஓரத்தில் உட்கார்ந்து பிறர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மாலையில் தமக்கென்று சிறிது நேரம் வேண்டும்தான். ஆனால் பாட்டு ஆற்றுவது அன்றைய எரிச்சலை மட்டுமே; மறுநாள் காலையில் அதே ஓர நாற்காலியும் அதே பதிலும் காத்திருக்கின்றன. பொறுத்துப்போங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தொட்டுப் பார்க்காமல் கணினியைக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்தில் இடம் கிடைத்ததும், இயர்போனை எடுப்பதற்கு முன், அன்று பார்த்ததை ஒரு சிறு குறிப்பேட்டில் நினைவிலிருந்தே எழுதுங்கள்: திரும்பி வந்த சரக்கை எந்தத் திரையில் பதிவது, தவறாகப் போட்ட பில்லை எப்படி ரத்து செய்வது, எந்த இடத்தில் பிடி விட்டுப்போனது என்று. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுவதை 1885இல் எடுத்துக்காட்டினார். ஆகவே ‘நேற்றே சொன்னது’ நினைவில் இல்லாததற்கு உங்கள் வயதைப் பழிக்காதீர்கள். அரியாங்குப்பம் தாண்டித் தவளக்குப்பம் வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம். பிறகு கடலூர் வரை பாட்டுக் கேளுங்கள்.

ஆனால் ஒலியைக் குறைத்து. பேருந்தில் போடும் பாட்டும் ஹாரனும் சேர்ந்து அலறும்போது, அதை மிஞ்சுவதற்காக நாமும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான், உங்கள் ஆறு நாள் பயணத்துக்கே அது போதாது. இரைச்சல் மிகுந்த நாளில் பேருந்தில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கூடத்தில் ஸ்பீக்கரில் போடுங்கள். மாமியாரை வருத்துவது பாட்டன்று, சாத்திய கதவுதான் என்று தோன்றுகிறது. பழைய பாடல்கள் என்றால் உங்களைவிட அவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

ஒரு வாரம் எழுதியபின் அந்தக் குறிப்பேட்டை, பயிற்சியாளரிடம் அல்ல, உங்கள் மேலாளரிடம் கொண்டுசெல்லுங்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்று தொடங்காமல், இன்னின்ன பதிவுகளை இதுவரை நானே செய்து பார்க்கவில்லை, தினமும் அரை மணி நேரம் ஒரு கணினி தனியாக வேண்டும் என்று கேளுங்கள். பில் தவறாகப் போனால் நட்டம் நிறுவனத்துக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும்.