கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கூடுதலாக மறித்தால் கடல்நீரேரி மீன்பிடி என்னவாகும்?

"மாரியில் கடலுக்குப் போகிற தண்ணீர் வீண்தானே, மறித்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடல்நீரேரிக்குள் வந்து, மழைவெள்ளம் கலந்து உவர்ப்பு இறங்கிய சேற்றிலும் சாதாழை என்னும் கடற்புல்லிலும் வளரும். வளர்ந்தவை திரும்பக் கடலுக்கு இறங்கும்போது களங்கட்டி, சிறகுவலை போன்ற நிலையாக நாட்டிய வலைகளில் படும். இரணைமடு நிரம்பி வழியும் கனகராயன் ஆற்று வெள்ளம் ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு வராவிட்டால், கோடையில் அங்கே உவர்ப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும். உப்பளம் அமைந்த இடம் அல்லவா அது! அந்த உப்பில் குஞ்சு தங்காது.

அதற்காக இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இரணைமடு மீதான பாரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, நல்லது. ஆனால் எவ்வளவு மறித்தாலும், ஒவ்வொரு மாரியிலும் கடல்நீரேரிக்கென்று ஒரு பங்கு வெள்ளத்தை விட்டே ஆகவேண்டும். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுக்கும் இதே கதைதான்: எந்நேரமும் பூட்டிக் கிடந்தால் குஞ்சுக்கு வழியில்லை. எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும்போது கமக்காரரோடு கடற்றொழிலாளர் சங்கத்தையும் கட்டாயம் இருத்துங்கள். குஞ்சு ஏறும் நாள் அவர்களுக்குத்தான் தெரியும்.