ஐந்து நாளா, எட்டு நாளா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 49. வருகிற ஆண்டு ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலை ஏறுவதென்று நானும் என் கணவரும் கொழுந்தனும் முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் இருவரும் தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் ஓடுகிறவர்கள். நான் நடக்கிறவள், அதுவும் மெதுவாக. போனக்காடு வழியாக மூவரும் பொதிகை ஏறிவிட்டு வந்தோம். அங்கேயும் நான்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்று மராங்கு வழியாக ஐந்து நாள். இன்னொன்று லெமோஷோ வழியாக எட்டு நாள், செலவு ஏறக்குறைய இருமடங்கு. ஐந்து நாளே போதும், விடுப்பும் மிச்சம் பணமும் மிச்சம் என்கிறார் கணவர். மாஞ்சோலையில் இரண்டு மாதம் ஏறி இறங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும் என்கிறான் கொழுந்தன். பொதிகை ஏறியவர்களுக்கு வழிகாட்டி எதற்கு என்றும் கேட்கிறான். கணவர் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு ஒரே கவலைதான்: என் மெதுநடையால் அவர்கள் இருவருடைய பயணமும் கெட்டுவிடுமோ? நான் விலகிக்கொள்ளட்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

விலகிக்கொள்ள வேண்டாம். மூவரில் அந்த மலைக்கு ஏற்ற நடை உங்களுடையதுதான். நான் கவலைப்படுவது உங்கள் வீட்டு ஓட்டக்காரர்கள் இருவரைப் பற்றி.

கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதிதான். இதற்கு உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். மூச்சு ஆழமாகும், வேகமாகும். அதனால் இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் மெல்ல மெல்ல ஈடுகட்டும். இந்த வேலைக்கு நாட்கள் வேண்டும். காலை ஓட்டத்தால் வந்த கால்வலுவும் நெஞ்சுவலுவும் இதை ஒரு மணி நேரம்கூட முன்னதாக முடித்துத் தராது. நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கு மலைநோய், அதாவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலியும் குமட்டலும், வராது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், தலைவலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள், சொல்லாமல் மறைக்கிறார்கள். அதனாலேயே அவர்கள் கூடுதல் ஆபத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

இனி ஐந்து நாள் பயணத்துக்கு வருவோம். மராங்கு வழியில் மரக்குடில்கள் உண்டு, கட்டில் மெத்தை உண்டு. மற்ற வழிகளில் கூடாரம்தான். அதனால் மராங்கு எளிய வழி என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் இரவு தூங்கும் இடங்களின் உயரத்தைப் பாருங்கள். முதல் இரவு மந்தாரா, 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் மாலை கிபோ குடில், 4,720. அங்கே சில மணி நேரம் கண்மூடிவிட்டு நள்ளிரவில் எழுந்து, இன்னும் சுமார் 1,175 மீட்டர் ஏறி உச்சிக்குப் போக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவர்களின் அறிவுரை. ஐந்து நாள் திட்டம் அதைப் போல இரண்டு மடங்கு ஏறச் சொல்கிறது, தங்கும் நாளே இல்லாமல். இதை எந்த நிறுவனம் விற்றாலும் வாங்காதீர்கள்.

லெமோஷோ வழி மேற்கிலிருந்து சுற்றிக்கொண்டு போகிறது. ஷிரா மேட்டுநிலத்தில் நிதானமாக ஏறுவீர்கள். பிறகு ஒரு நாள் லாவா டவர் என்ற பாறை வரை சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, அன்று மாலையே 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பரான்கோவுக்கு இறங்கித் தூங்குவீர்கள். பகலில் உயரம், இரவில் தாழ்வு. உடம்பு பாடம் கற்றுக்கொள்வது அப்படித்தான். உங்கள் கணவர் மிச்சம் என்று சொல்கிற அந்த மூன்று நாட்கள்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் உண்மையான பொருள். விலையுயர்ந்த ஜாக்கெட்டைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். எட்டு நாளுக்குப் பணம் எட்டவில்லையென்றால் மச்சாமே வழியாக ஏழு நாள் போகலாம். நான் போனது அந்த வழியில்தான். அதுவும் முடியாதென்றால் இன்னும் ஓராண்டு சேர்த்துவிட்டுப் போங்கள். மலை அங்கேயே இருக்கும்.

மாஞ்சோலை யோசனையைக் கொழுந்தனிடம் மென்மையாக மறுத்துவிடுங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எவ்வளவு மேலே போனாலும் 2,000 மீட்டரைத் தொட முடியாது. பொதிகையே 1,868 மீட்டர்தான். மலைநோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கிளிமஞ்சாரோவில் நீங்கள் முதல் இரவு படுக்கும் மந்தாரா அதைவிட உயரம்! தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிக்கும் (2,695) அது ஒரு பிடி மேல். உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நம் மலைகள் எதுவும் சொல்லித்தராது. அதைத் தெரிந்துகொள்ள இமயமலைக்குத்தான் போக வேண்டும். மேற்கு வங்கத்தின் சந்தக்பூ 3,636 மீட்டர், தங்கித் தங்கி ஏறலாம். இதற்கு முன் உயரத்தில் உடம்பு என்ன செய்தது என்பதுதான் இனி என்ன செய்யும் என்பதற்குக் கிடைக்கும் நல்ல அடையாளம். பயணத்தை ஓராண்டு தள்ளிப்போட நேர்ந்தால் இடையில் மூவரும் அங்கே போய்விட்டு வாருங்கள்.

கால்களுக்கு மட்டும் பயிற்சி நம் ஊரிலேயே நிறைய உண்டு. பண்பொழி திருமலைக்கோயிலில் அறுநூற்றுச் சொச்சம் படிகள். முதுகில் ஐந்தாறு கிலோவோடு ஞாயிறுதோறும் ஏறி இறங்குங்கள், வாரத்துக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டே. இறங்குவதில்தான் கவனம் வேண்டும். உச்சி தொட்ட அன்றே ம்வேக்கா முகாம் வரை, அதாவது 3,100 மீட்டர் வரை, இறங்கிவிடுவார்கள். ஏறக்குறைய 2,800 மீட்டர் இறக்கம், அதுவும் தூங்காத இரவுக்குப் பிறகு. ஓடுகிறவர்களின் முழங்கால் அங்கேதான் கெஞ்சும். புது பூட்ஸை இப்போதே வாங்கி அந்தப் படிகளில் பழக்குங்கள். விமானத்தில் அதைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள். பெட்டி வழியில் தங்கிவிட்டால் மற்றதெல்லாம் மலையடிவாரத்து மோஷி நகரில் வாடகைக்குக் கிடைக்கும், உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது.

வழிகாட்டி எதற்கு என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. 1991 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவுக்குள் ஏற விடுவதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டும் என்றே சொல்வேன். அதன் காரணத்தைக் கொழுந்தனிடம் சொல்லுங்கள். உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது நிதானம். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஆனால் அந்த மனிதர் எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். தன் நிலை அவருக்கே தெரியாது. குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லி வழிகாட்டி பார்ப்பார். முடியாவிட்டால் அந்த நிமிடமே இறக்கம்தான், நடு இரவானாலும் சரி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், விடாத இருமல் வந்தாலும் அதே முடிவு. அது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. ஆக்சிஜன் உருளை இறங்கும்வரை தாங்குவதற்குத்தான்.

ஆகவே மூவரும் பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, தெளிவான தலையோடு, இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும். வழிகாட்டி இறங்கு என்றால் யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. ஒருவர் இறங்கினால் மற்ற இருவரும் ஏறலாமா, கூட இறங்க வேண்டுமா? இதை 5,000 மீட்டரில் நின்று, குளிரில், கண்ணீரோடு விவாதிக்கும் நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. எங்கள் குழுவில் ஒரு தம்பதி அப்படி நின்றதைப் பார்த்தேன். கணவருக்கு வாந்தி நிற்கவில்லை. மனைவி நன்றாக இருந்தார். நீ மேலே போ என்று கணவரும், விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று மனைவியும் சொல்லி அரை மணி நேரம் போனது. அதற்குள் இருவருக்கும் விரல் விறைத்துவிட்டது. கூட ஓர் உதவி வழிகாட்டி இருந்ததால் கணவரை அவர் இறக்கிக்கொண்டு போனார். உங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது: மூன்று பேருக்கு எத்தனை வழிகாட்டிகள்? ஒருவர் மட்டும் என்றால் மறுத்துவிடுங்கள்.

அடுத்த கேள்விகளும் எழுத்தில் கேளுங்கள். ஆக்சிஜன் உருளை கூட வருகிறதா? நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் தினமும் பார்த்துக் குறித்துவைப்பார்களா? சுமை தூக்குகிறவர்களுக்கு நாள் கூலி எவ்வளவு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, அவர்களுக்குத் தூங்க நல்ல கூடாரம் உண்டா? கடைசிக் கேள்வியை இலேசாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் மூவருக்காகப் பத்துப் பேருக்கு மேல் சுமையோடு ஏறுவார்கள். ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது என்று பூங்கா விதி வைத்திருக்கிறது, வாயிலில் எடை போடுகிறார்கள். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில். அதில் எந்த நிறுவனமும் தள்ளுபடி தர முடியாது. அப்படியிருக்க ஒரே வழிக்கு, ஒரே நாட்களுக்கு ஒருவர் மட்டும் மிகக் குறைந்த விலை சொன்னால், அந்தக் குறைவு பெரும்பாலும் ஒரு சுமைகாரரின் கூலியிலிருந்தும் வயிற்றிலிருந்தும்தான் வருகிறது. கிளிமஞ்சாரோ சுமைகாரர் உதவித் திட்டம் என்ற அமைப்பு, கூலியும் சாப்பாடும் ஒழுங்காகக் கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. நீங்கள் விலை கேட்ட இருவரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அன்பளிப்புப் பணத்தையும் தனியாக எடுத்துவையுங்கள். அங்கே அது வழக்கம், அவர்களுடைய வருமானத்தில் ஒரு பங்கு.

மருத்துவம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ மூவரும் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஹீமோகுளோபின் அளவு அவசியம். இரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. 125 மில்லிகிராம் காலை, இரவு என்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். அது உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும், நாட்களுக்கு மாற்றாகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். கணவர் சாப்பிடும் கொதிப்பு மாத்திரையும் அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் சீட்டைக் காட்டாமல் எதையும் தொடங்க வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் அந்த எட்டு நாளும் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையிலும், ஜூன் முதல் அக்டோபர் வரையிலும் மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். உச்சிநாள் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 பாகை வரை போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்துதான் தொடங்கும் என்பதால் மூடி அடைத்துக்கொள்ளாது. கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் பசி செத்துவிடும், சமையல்காரர் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் பாஸ்தாவைக் கண்டாலே குமட்டும். நம் நாக்குக்குப் பழகியது ஏதாவது கையில் இருக்க வேண்டும். இட்லிப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சுக்கு போட்ட கருப்பட்டி. இவை என் பையில் இருந்ததால்தான் பரான்கோவில் நான் சாப்பிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. மலையடிவாரத்தில் சக்கா (Chagga) என்ற உள்ளூர் மக்களின் ஊர்களை ஒரு நாள் நடந்து பாருங்கள். வாழைக்குள் காப்பிச்செடி, ஊடே மலைநீரைக் கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள். சேரன்மகாதேவிப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் அங்கிருந்து கிளம்ப மனம் வராது. பயணத்தின் முதல் நாளை அதற்குக் கொடுத்தால் நீண்ட விமானப் பயணத்தின் அலுப்பும் தீரும்.

நடக்கும்போது நீங்கள் முன்னே போங்கள். கணவரும் கொழுந்தனும் உங்கள் பின்னால், உங்கள் வேகத்தில் வரட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் அது. அதைத் தாண்டி யாரும் போக வேண்டாம் என்று வழிகாட்டியிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிறுவனங்களின் பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி