கழுத்துரு ஏறவேண்டிய கழுத்து

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கழுத்துக் கட்டியில் ஊசி வைத்துச் செய்த பரிசோதனையில் பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்று வந்துள்ளது. தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டுமாம். ‘நாளைக்குக் கழுத்துரு ஏறவேண்டிய கழுத்தாயிற்றே’ என்று, எங்கள் பக்கத்துத் திருமணத் தாலியான கழுத்துருவை நினைத்து அவளுடைய அப்பத்தா அழுகிறார். வளர்ச்சி நின்றுவிடுமா? குரல் போய்விடுமா?

- ஒரு தாய், காரைக்குடி.

பதில்: அப்பத்தாவின் கவலை புரிகிறது, ஆனால் இருப்பதிலேயே சிறிய கவலை அதுதான். கழுத்தின் இயல்பான மடிப்பை ஒட்டியே கீறுவதால் தழும்பு நாளடைவில் மங்கிவிடும். குடும்பத்தில் யாருக்கேனும் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வளர்ச்சி பற்றிய அச்சம் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்தவர்களில், குறிப்பாக வளரும் பிள்ளைகளில், உடலும் அறிவும் மந்தமாவதை சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர் 1883-இல் தாமே வெளியிட்டார். தாம் செய்த அறுவையின் தீங்கை ஒளிக்காமல் சொன்ன அந்த மனிதருக்குத்தான் 1909-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சுரப்பி தரும் ஹார்மோனை ஈடுசெய்ய அன்று மருந்தில்லை. இன்று லெவோதைராக்சின் மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, வளர வளர ரத்தப் பரிசோதனை பார்த்து அளவை மாற்றிவந்தால், உயரமும் பூப்பும் பின்னாளில் பிள்ளைப்பேறும் இயல்பாகவே அமையும். மாத்திரை மட்டும் ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே செல்வதால், குரல் பெரிதும் மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 30-க்குக் குறையாமல் இவ்வகைக் கழுத்து அறுவைகள் செய்பவரையே குழந்தைகளுக்கு நாட வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் பரிந்துரைத்தது. வைரத்தோடு வாங்கப் பத்துக் கேள்வி கேட்கும் நம் ஊரில் மருத்துவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச வேண்டியதில்லை. அதற்காக மதுரையோ சென்னையோ சென்று சில வாரங்கள் தாமதமானாலும் பாதகமில்லை. குழந்தைகளுக்கு இந்நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருப்பது சாதாரணம்; அப்படியிருந்தும் பெரும்பாலோர் நலமாகவே நெடுநாள் வாழ்கிறார்கள். பரவியிருக்கிறதா என்று அறிய, அறுவைக்கு முன் கழுத்தின் இருபுறமும் ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது கால்சியத்தைப் பற்றித்தான். தைராய்டின் பின்புறம் அரிசிமணி போல ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையின்போது பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். வீடு திரும்பிய பிறகு உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு இருப்பதாகவோ, கை இழுப்பதாகவோ மகள் சொன்னால், பயணக் களைப்பென்று விட்டுவிடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.