வீட்டுக் காருக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல் போடுவது? எண் கூடினால் மைலேஜும் கூடுமா?

பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 91 என்று இருந்தால் 91 போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்தான்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. எவ்வளவு அழுத்தம் வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை நசுங்கிச் சூடாகிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போலக் கேட்குமே, அந்தச் சத்தம். இன்றைய கார்களில் நாக் சென்சார் அதைக் கவனித்து, பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை கொஞ்சம் குறையும்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின் என்றால் மேனுவலை ஒருமுறை புரட்டிவிடுங்கள். உயர் ஆக்டேன் 'கட்டாயம்' என்று இருந்தால் பேரம் பேசாதீர்கள். 'பரிந்துரை' என்று மட்டும் இருந்தால் சாதாரணமாக ஓட்டும்போது குறைந்த ஆக்டேனும் சமாளிக்கும். பாரம் ஏற்றி மலைப்பாதையில் போகும் நாளில் நல்லதைப் போடலாம்.

அப்புறம், எண்ணை மட்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்க பம்பில் 87 என்று எழுதியிருப்பது, ரான் (RON, ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற அளவைப் பயன்படுத்தும் நாடுகளில் ஏறத்தாழ 91-க்குச் சமம். அளவுகோல்தான் வேறு.